ஒரு நாளைக்கு மூன்றரை நொடி... வீட்டில் தொடங்கி ஆஸ்கர் வரை போன அனிமேஷன் கதை!

2025 மார்ச் 2. லாஸ் ஏஞ்சலஸில் 97-வது ஆஸ்கர் விருது விழா. சிறந்த அனிமேஷன் படத்துக்கான போட்டியில் பெரிய தலைகள் வரிசைகட்டி நின்றன. பிக்ஸாரின் ‘இன்சைடு அவுட் 2’ படத்தின் பட்ஜெட் சுமார் 20 கோடி டாலர். ட்ரீம்வொர்க்ஸின் ‘தி வைல்டு ரோபோ’வுக்கு சுமார் 7.8 கோடி டாலர். இவற்றுக்கு நடுவே சுமார் 35 லட்சம் யூரோவில் உருவான ஒரு லாட்வியா நாட்டுப் படமும் இருந்தது. அதில் ஒரு வசனம்கூட இல்லை. மனிதர்களும் இல்லை. வெள்ளத்தில் வீட்டை இழந்த ஒரு பூனைதான் கதாநாயகன்.

விருது அந்தப் பூனைக்குத்தான் போனது!

படத்தின் பெயர் ‘ஃப்ளோ’. 20 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட லாட்வியாவுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் இது. இதைவிடப் பெரிய ஆச்சர்யம் ஒன்று உண்டு. இந்தப் படம் உருவானது ‘ப்ளெண்டர்’ என்ற சாஃப்ட்வேரில். யார் வேண்டுமானாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் டவுன்லோடு செய்துகொள்ளலாம். அந்தப் பூனையை நடக்க வைத்த அதே சாஃப்ட்வேர், உங்கள் வீட்டு ப்ளஸ் டூ பிள்ளையின் லேப்டாப்பிலும் ஓடும்.

படத்தை இயக்கிய கின்ட்ஸ் ஸில்பலோடிஸுக்கு அப்போது வயது 30. அவர் திரைப்படக் கல்லூரியில் படித்தவர் இல்லை. வீட்டில் உட்கார்ந்து, தவறு செய்து செய்து தானாகவே கற்றுக்கொண்டவர்.

தண்ணீருக்குப் பயந்த பூனை

கதை 2012-ல் தொடங்குகிறது. பள்ளிப்பருவத்தில் ‘அக்வா’ என்று ஒரு குறும்படம் எடுத்தார் ஸில்பலோடிஸ். கையால் வரைந்த சில நிமிடப் படம். தண்ணீரைக் கண்டால் நடுங்கும் ஒரு பூனை, அந்தப் பயத்தைத் தாண்டுவதுதான் கதை. அதன் பிறகும் குறும்படங்கள்தான். ஒவ்வொரு படத்திலும் புதிதாக ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டார்.

பிறகு ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். முழுநீள அனிமேஷன் படம் எடுப்பது, அதையும் தன்னந்தனியாக எடுப்பது! கதை, காட்சி அமைப்பு, கதாபாத்திர வடிவமைப்பு, அசைவு, எடிட்டிங், இசை என எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்த அந்தப் படம்தான் ‘அவே’. 2019-ல் வெளியானது. 75 நிமிடம் ஓடும் அந்தப் படத்துக்கு அவருக்கு மூன்றரை ஆண்டுகள் ஆயின.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம்கள் ஓடும். 75 நிமிடத்துக்கு 1,08,000 ஃப்ரேம்கள். நொடிக் கணக்கில் பார்த்தால் 4,500 நொடிகள். இதை மூன்றரை ஆண்டின் நாள்களால் வகுத்தால், சராசரியாக ஒரு நாளைக்கு மூன்றரை நொடி! காலையில் எழுந்து இரவு படுக்கும்வரை உழைத்தால், கண்ணை நாலு முறை சிமிட்டும் நேரத்தில் ஓடி முடிகிற அளவுக்குத்தான் படம் தேறும். மறுநாள் இன்னொரு மூன்றரை நொடி. ஞாயிறு, பண்டிகை எதையும் கழிக்காத கணக்கு இது.

வீட்டிலிருந்து அனிமேஷன் செய்ய நினைப்பவர்கள் முதலில் மனதில் எழுதிக்கொள்ள வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

இல்லாததை வைத்தே ஒரு கதை

தனி ஆள் ஒருவர் பிக்ஸாரோடு மல்லுக்கு நிற்க முடியாது. முடியாது என்பதை ஒப்புக்கொண்டு அதற்கேற்ற கதையைத் தேர்ந்தெடுத்ததுதான் ‘அவே’யின் சாமர்த்தியம்.

விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து, ஆள் இல்லாத தீவில் மாட்டிக்கொள்கிறான் ஓர் இளைஞன். கறுப்பாக, மலை மாதிரி ஓர் உருவம் மெதுவாக அவனைத் துரத்துகிறது. கையில் கிடைத்த மோட்டார் சைக்கிளில் ஏறி, தீவின் மறுமுனைக்குப் போக வேண்டும். துணைக்கு ஒரு குட்டிப் பறவை. இவ்வளவுதான் கதை.

இதில் வசனம் இல்லை. அதனால் உதட்டசைவு செய்யும் வேலையும் மிச்சம், குரல் கொடுக்க ஆள் தேடும் வேலையும் மிச்சம். முக்கியக் கதாபாத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூட்டம், ஊர், கடைத்தெரு எதுவும் தேவையில்லை. துரத்தும் உருவத்துக்கு முகபாவம் கிடையாது, நடையும் மெதுவானது. அதுவே பயத்தைக் கூட்டுகிறது. படத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டதால், மலைபோன்ற வேலை நான்கு குறும்படங்களாகக் குறைந்தது.

2019-ல் பிரான்ஸின் அனெசி அனிமேஷன் திருவிழாவில் ‘அவே’ விருது வென்றது. தனி ஆளாக அந்தப் படத்தை முடித்துக் காட்டியதுதான், அடுத்த படத்துக்கு மற்றவர்கள் நம்பிப் பணம் போடும் அளவுக்கு அவரைக் கொண்டு சேர்த்தது.

ரசிகர்கள் காப்பாற்றிய சாஃப்ட்வேர்

‘அவே’யை ‘மாயா’ என்ற சாஃப்ட்வேரில் செய்தார் ஸில்பலோடிஸ். ஸ்டூடியோக்கள் பயன்படுத்தும், கட்டணம் செலுத்த வேண்டிய சாஃப்ட்வேர் அது. 2019-ல் ப்ளெண்டருக்கு மாறினார். அந்த ப்ளெண்டருக்கும் ஒரு நல்ல கதை உண்டு.

நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரோசண்டால் 1990-களில் உருவாக்கியது ப்ளெண்டர். அதை வளர்க்க அவர் தொடங்கிய நிறுவனம் லாபம் பார்க்கவில்லை. 2002-ல் முதலீட்டாளர்கள் அதை இழுத்து மூடினார்கள். சாஃப்ட்வேர் அவர்கள் கைக்குப் போய்விட்டது. ‘ஒரு லட்சம் யூரோ கொடுத்தால், எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிடுகிறோம்’ என்று உடன்பாடானது.

ரோசண்டால் இணையத்தில் கையேந்தினார். உலகம் முழுவதும் ப்ளெண்டரைப் பொழுதுபோக்காகப் பயன்படுத்தி வந்தவர்கள் தங்களால் முடிந்ததை அனுப்பினார்கள். ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ சேர்ந்தது! 2002 அக்டோபர் 13 அன்று ப்ளெண்டர் பொதுச் சொத்துபோல் எல்லோர் கைக்கும் வந்தது. இனி எந்த நிறுவனமும் அதைப் பூட்டிவைக்க முடியாது. அன்று வீட்டிலிருந்து பணம் அனுப்பியவர்கள் காப்பாற்றிய அந்தக் கருவிதான் 23-வது ஆண்டில் ஆஸ்கர் மேடை ஏறியது.

தனி ஆள் கூட்டாளி ஆன கதை

‘ஃப்ளோ’ வீட்டில் ஒரே ஆள் எடுத்த படம் இல்லை. லாட்வியா, பிரான்ஸ், பெல்ஜியம் என மூன்று நாடுகள் சேர்ந்து தயாரித்தன. அனிமேட்டர்கள், ஒலிக் கலைஞர்கள் என ஒரு குழு உழைத்தது. ஐந்தரை ஆண்டுகள் ஆயின. ஆனால், அதன் வேர் வீட்டு மேஜையில்தான் இருந்தது. ‘அக்வா’வில் தண்ணீருக்குப் பயந்த அதே பூனை, இங்கே ஊரையே மூழ்கடிக்கும் வெள்ளத்தில் சிக்குகிறது.

ஒரு பாய்மரப் படகில் அந்தப் பூனையோடு ஒரு நாய், பளபளக்கும் பொருள்களைச் சேர்க்கும் ஒரு லெமூர், ஒரு பெரிய பறவை, தென் அமெரிக்காவின் கொறித்துண்ணி இனமான சாதுவான கேப்பிபரா என ஒரு விநோதக் கூட்டம் சேர்கிறது. தனியாகவே வாழ்ந்து பழகிய பூனை, மற்றவர்களை நம்பக் கற்றுக்கொள்வதுதான் கதை. தனி ஆளாகவே படம் எடுத்துப் பழகிய இயக்குநர், முதல்முறையாக ஒரு குழுவோடு வேலை செய்யக் கற்றுக்கொண்ட படமும் அதுதான். தன் சொந்த அனுபவமே பூனையின் கதையானது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

வேலை செய்த விதத்தில் வீட்டுப் பழக்கம் மாறவில்லை. வழக்கமாக அனிமேஷனில் ஒவ்வொரு காட்சியையும் முதலில் படமாக வரைந்து ஒட்டிப் பார்ப்பார்கள். ஸில்பலோடிஸ் அப்படி வரையவில்லை. கம்ப்யூட்டருக்குள் காட்டையும் வெள்ளத்தையும் உருவாக்கி, அதற்குள் கேமராவோடு சுற்றித் திரிந்து, எங்கிருந்து பார்த்தால் நன்றாக இருக்கிறது என்று தேடினார். கல்யாண வீட்டில் வீடியோ எடுப்பவர் கூட்டத்துக்குள் நுழைந்து போவதுபோல, பூனையின் பின்னாலேயே கேமரா ஓடுவதற்கு இதுதான் காரணம்.

ஒலியில் ஒரு சுவாரஸ்யம். பூனைக்கு ஒலிக் கலைஞர் தன் வீட்டுப் பூனையையே ‘டப்பிங்’ பேச வைத்தார். கேப்பிபராவின் நிஜக் குரல் கீச்சென்று இருந்ததால், அதற்கு ஓர் ஒட்டகக் குட்டியின் குரலைப் பொருத்தினார்கள்!

‘ஃப்ளோ’ 2025 ஜனவரியில் கோல்டன் குளோப் வென்றபோது, அந்தக் கோப்பையை ரீகா நகரிலுள்ள தேசிய கலை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அதைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள்.

இன்னும் இரண்டு வீடுகள்

வீட்டிலிருந்து கிளம்பியவர் இவர் ஒருவர் மட்டுமல்ல.

ஜப்பானின் மகோதோ ஷின்காய், வீடியோ கேம் நிறுவன வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்த ஒரு மேக் கம்ப்யூட்டரில் ‘வாய்ஸஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்’ என்ற 25 நிமிடப் படத்தை உருவாக்கினார். 2002-ல் அது வெளியானது. முதல் வடிவத்தில் நாயகனுக்கு அவரே குரல் கொடுத்தார், நாயகிக்கு அவர் திருமணம் செய்யவிருந்த பெண் குரல் கொடுத்தார். 2016-ல் ஜப்பானைத் தாண்டியும் வசூலைக் குவித்த ‘யுவர் நேம்’ படத்தை இயக்கியவர் இவர்தான்.

இன்னொருவர் அமெரிக்காவின் நீனா பேலி. வேலை காரணமாக இந்தியா வந்த கணவர், ஒரு மின்னஞ்சலில் உறவை முறித்துக்கொண்டார். அந்த வலியை ராமாயணத்துச் சீதையின் கதையோடு இணைத்து, தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ‘ஃபிளாஷ்’ சாஃப்ட்வேர் வைத்து ‘சீதா சிங்ஸ் தி ப்ளூஸ்’ என்ற முழுநீளப் படத்தை உருவாக்கினார். 2008-ல் வெளியாகிப் பாராட்டு குவித்தது. ஆனால், படத்தில் அவர் பயன்படுத்திய 1920-களின் பழைய பாடல்களுக்கு உரிமைத் தொகை கட்டவேண்டி வந்தது. பேரம் பேசிக் குறைத்தும் சுமார் 50 ஆயிரம் டாலர்! கடன் வாங்கித்தான் அதைக் கட்டினார்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பல மாதம் உழைத்துச் செய்த அனிமேஷனுக்குப் பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டால், அந்த வீடியோ உங்களுடையதாக இருக்காது. யூடியூப் அதை முடக்கலாம், வருமானம் பாடலின் உரிமையாளருக்குப் போகலாம். இலவச உரிமம் கொண்ட இசையைத் தேடுங்கள். வீட்டில் யாராவது புல்லாங்குழலோ கீபோர்டோ வாசித்தால் இன்னும் நல்லது.

எங்கிருந்து தொடங்குவது?

இரண்டு மணி நேரக் காவியத்திலிருந்து தொடங்காதீர்கள். வீட்டு அனிமேஷன்களில் பாதியில் நிற்பவைதான் அதிகம். அவற்றில் பலவும் நின்றுபோவது, தொடக்கத்திலேயே அளவுக்கு மீறி ஆசைப்படுவதால்தான். முதல் படம் 10 நொடி போதும்.

* போன் மட்டும்தான் இருக்கிறதா? ‘ஸ்டாப் மோஷன்’ செய்யலாம். போனை அசையாமல் நிறுத்திவைத்து, மேஜையில் ஒரு தீப்பெட்டியையோ களிமண் பொம்மையையோ கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு முறையும் போட்டோ எடுக்க வேண்டும். நொடிக்கு 12 படம் என்றால் 10 நொடிக்கு 120 போட்டோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஜன்னல் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஜன்னலை மூடிவிட்டு டேபிள் லாம்ப் வெளிச்சத்தில் எடுங்கள்.

* வரையப் பிடிக்குமா? கம்ப்யூட்டரில் ‘பென்சில் 2டி’, ‘க்ரிட்டா’, ‘ஓப்பன்டூன்ஸ்’ மூன்றும் இலவசம். ஜப்பானின் புகழ்பெற்ற ஜிப்ளி ஸ்டூடியோ பயன்படுத்திய சாஃப்ட்வேரிலிருந்து பிறந்து, 2016-ல் எல்லோருக்கும் பொதுவாக்கப்பட்டதுதான் ஓப்பன்டூன்ஸ். நொடிக்கு 24 படம் வரைய வேண்டியதில்லை. ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் 12 போதும். பெரிய ஸ்டூடியோக்களும் இப்படிச் செய்வதுண்டு.

* முப்பரிமாணம் வேண்டுமா? ப்ளெண்டர் இருக்கிறது. லேப்டாப்பில் 8 ஜி.பி. ரேம் இருந்தால் தொடங்கலாம், 16 இருந்தால் வசதி. ப்ளெண்டர் கற்பவர்கள் பலரும் முதலில் செய்து பார்ப்பது ஒரு டோனட். நம் வீட்டில் அதையே மெதுவடையாகச் செய்தாலும் பாடம் ஒன்றுதான்!

எந்தக் கருவியானாலும் முதல் பயிற்சி, ஒரு பந்து குதிப்பதுதான். பந்து மேலே போகும்போது வேகம் குறையும், கீழே விழும்போது கூடும். அந்த வேக மாற்றம் கைவந்துவிட்டால் பந்துக்கு உயிர் வந்துவிடும். மனிதன் நடப்பதும் பூனை தாவுவதும் இதன் தொடர்ச்சிதான்.

கரன்ட் போனால்?

முப்பரிமாண அனிமேஷனில் எல்லாம் முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கியிருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒளி, நிழல் எல்லாவற்றையும் கணக்கிட்டு, முழுப் படமாக கம்ப்யூட்டர் மாற்றித் தர வேண்டும். இதற்குப் பெயர் ‘ரெண்டரிங்’. ஒரு நிமிடப் படத்தில் 1,440 ஃப்ரேம்கள். ஒரு ஃப்ரேமுக்கு ஒரு நிமிடம் ஆனால், ஒரு நிமிடப் படத்துக்கு கம்ப்யூட்டர் ஒரு நாள் முழுக்க ஓட வேண்டும்.

ப்ளெண்டரில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ‘சைக்கிள்ஸ்’ நிஜ ஒளியைப்போல் துல்லியமாகக் கணக்கிடும், ஆனால் நேரம் எடுக்கும். ‘ஈவீ’ சில குறுக்குவழிகளில் கணக்கிட்டு, பல மடங்கு வேகமாக முடித்துவிடும். ஸில்பலோடிஸை ப்ளெண்டருக்கு இழுத்தது இந்த ஈவீதான். பெரிய ஸ்டூடியோக்கள் இதற்காகவே நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஓடவிடுகின்றன. ‘ஃப்ளோ’ படத்தின் இறுதி ரெண்டரிங் முழுவதும் ஸில்பலோடிஸின் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே நடந்தது.

நம் ஊருக்குத் தேவையான ஒரு யோசனை. ரெண்டர் செய்யும்போது நேரடியாக வீடியோவாகச் சேமிக்காதீர்கள். தனித்தனிப் படங்களாகச் சேமியுங்கள். நள்ளிரவில் 900-வது ஃப்ரேமில் கரன்ட் போனாலும், காலையில் 901-லிருந்து தொடரலாம். வீடியோவாகச் சேமித்திருந்தால் அந்த ஃபைலே திறக்காமல் போகலாம். ஒன்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

ஒலியை மறந்துவிடாதீர்கள். சுமாரான படத்தை நல்ல ஒலி காப்பாற்றிவிடும். குரல் பதிவு செய்ய ஸ்டூடியோ தேவையில்லை. துணிகள் நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் நின்று, மின்விசிறியை நிறுத்திவிட்டு போனில் பேசிப் பதிவு செய்தாலே எதிரொலி அடங்கிவிடும். அரிசியை முறத்தில் சாய்த்தால் மழைச் சத்தம் கிடைக்கும். இந்த வேலைக்குப் பாட்டியையும் தம்பியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு...

‘பையன் எந்நேரமும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு பந்தை உருட்டிக்கொண்டிருக்கிறான்’ என்று கவலைப்படும் பெற்றோர் உண்டு. கவலை நியாயமானதுதான். படிப்பு முக்கியம், கண்ணும் முதுகும் அதைவிட முக்கியம். நேரத்தை வரையறை செய்யுங்கள். ஆனால் ‘எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய்?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘இன்று எத்தனை நொடி முடித்தாய், காட்டு’ என்றும் கேட்டுப்பாருங்கள். ஒன்றைத் தொடங்கி முடிக்கிற பழக்கம், பிற்காலத்தில் அனிமேஷனுக்குப் போகாதவர்களுக்கும் உதவும்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு நொடி முடித்தால்கூட, இரண்டு மாதத்தில் ஒரு நிமிடப் படம் கையில் இருக்கும். அதை வீட்டு டி.வி-யில் போட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டலாம். ‘இயக்கம்’ என்று தன் பெயர் வருவதைப் பார்க்கிற பிள்ளை, அன்று இரவே அடுத்த கதையை யோசிக்கத் தொடங்கிவிடும்.

2012-ல் ஒரு பள்ளி மாணவன் வரைந்த பூனை தண்ணீரைப் பார்த்துப் பயந்தது. 13 ஆண்டுகள் கழித்து, அந்தப் பூனை வெள்ளத்தைத் தாண்டி ஆஸ்கரில் வந்து இறங்கியது. நடுவில் இருந்தது அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்றரை நொடி உழைப்புதான்.